ஐஸ் ஹவுஸ் முதல் செட்டிநாடு வரை: பழைய கட்டடத்தைப் பூட்டி வைத்தால் ஏன் சீக்கிரம் விழுகிறது?

சென்னை மெரினா கடற்கரை எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லத்தை இன்னமும் பலர் 'ஐஸ் ஹவுஸ்' என்றுதான் சொல்கிறார்கள். காரணம், அது கட்டப்பட்டதே ஐஸ் கட்டி வைக்கத்தான். அமெரிக்காவில் குளத்தில் உறையும் பனிக்கட்டியை வெட்டி, கப்பலில் ஏற்றி விற்ற ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம் 1842-ல் இதைக் கட்டியது. இந்தியாவிலேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

கட்டடம் படுக்கவில்லை. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி, ஜன்னல்களும் தாழ்வாரங்களும் சேர்த்து வீடாக்கினார். 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். பிறகு அரசின் கைக்கு வந்தது. சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவைகளுக்கான விடுதி அங்கே இயங்கியது. 1997-ல் ராமகிருஷ்ண மடத்திடம் கொடுக்கப்பட்டு, இப்போது கண்காட்சி நடக்கிறது. ஐஸ் கிடங்கு, வீடு, மடம், விடுதி, கண்காட்சிக்கூடம் என ஒரே சுவருக்குள் இத்தனை வேலைகள். அதில் யாராவது ஒருவர் எப்போதும் இருந்ததால்தான் அது இன்றும் நிற்கிறது.

இதைத்தான் கட்டடக்கலைஞர்கள் 'தகவமைப்பு மறுபயன்பாடு' என்கிறார்கள். எளிமையாகச் சொன்னால், பழைய கட்டடத்தை இடிக்காமல், காட்சிப்பொருளாகப் பூட்டியும் வைக்காமல், இன்றைக்குத் தேவையான ஒரு வேலையை அதற்குக் கொடுப்பது.

பூட்டி வச்சா பத்திரமா இருக்காதா?

இருக்காது. அதற்குக் காரணம் அந்தக் கட்டடங்களின் கூரையிலேயே இருக்கிறது.

சென்னையின் பழைய கட்டடங்களில் பெரும்பாலும் 'மெட்ராஸ் டெரஸ்' வகைத் தளம்தான். தேக்கு உத்தரங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் செங்குத்தாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். நூறு வருஷம் தாண்டியும் தாங்கும். ஒரே நிபந்தனை, தண்ணீர் தேங்கக் கூடாது.

ஆள் புழங்கும் வீட்டில் மொட்டை மாடிக் குழாயில் சருகு அடைத்தால் யாராவது எடுத்துப் போடுவார்கள். பூட்டிய வீட்டில் யார் பார்ப்பது? தண்ணீர் தேங்கும். ஓட்டு இடுக்கில் காக்கை போட்ட எச்சத்திலிருந்து அரசங்கன்று முளைக்கும். அதன் வேர் சுண்ணாம்பு இணைப்புக்குள் நுழைந்து சுவரைப் பிளக்கும். சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் நுனி ஈரத்தில் மக்கும். வெளியே பார்த்தால் மரம் நன்றாகவே தெரியும், உள்ளே நுனி இருக்காது. அப்புறம் ஒரு பெருமழை போதும்.

புதுச்சேரியில் நடந்ததைப் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1870-களில் எழுந்த மேரி கட்டடம், அதாவது நகராட்சிக் கட்டடம், பல காலம் பராமரிப்பு இல்லாமல் கிடந்தது. சீரமைக்க வேண்டும் என்ற பேச்சு நடந்துகொண்டே இருந்தது. 2014 நவம்பர் மாத மழையில் மொத்தமாக இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். கடற்கரைச் சாலையில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், நேர்மையாகச் சொன்னால் அது பழைய கட்டடம் இல்லை, பழைய கட்டடத்தின் நகல்.

எந்த வேலையையும் கொடுக்கலாமா?

இங்கேதான் சிக்கல். தவறான வேலை, பூட்டி வைப்பதைவிட மோசம்.

சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாப் 1768-ல் கட்டிய அரண்மனையின் ஒரு பகுதி கலச மஹால், இன்னொன்று ஹுமாயூன் மஹால். ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இரண்டும் அரசு அலுவலகங்கள். ஆக, 'பயன்பாட்டில்'தான் இருந்தன. ஆனால், எப்படி? உயரமான கூடங்களைத் தடுப்பு வைத்துப் பிரித்து, மரக் கூரைக்குக் கீழே காகிதக் கோப்புகளை மலையாகக் குவித்து, இஷ்டத்துக்கு ஒயர் இழுத்து. 2012 ஜனவரியில், பொங்கல் விடுமுறை நேரத்தில் நள்ளிரவில் கலச மஹால் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். கூரை முழுவதும் போனது.

இடித்துவிடலாம் என்ற பேச்சு வராமல் இல்லை. ஆனால் சுவர்கள் நின்றன. பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரை, மரம் என்று பழைய முறையிலேயே அதை மீட்டெடுத்தது. இப்போது அங்கே தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது. இது பொருத்தமான தேர்வு. தீர்ப்பாயத்துக்கு உயரமான பெரிய கூடம் வேண்டும், அது ஏற்கெனவே இருக்கிறது. பழைய அலுவலகம்போல சின்னச் சின்ன அறைகளாக வெட்ட வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் ஹுமாயூன் மஹாலும் சீரமைக்கப்பட்டு, அங்கே விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

அருங்காட்சியகம் என்றதும் ஒரு எச்சரிக்கை தேவை. எந்தப் பழைய கட்டடம் கிடைத்தாலும் 'மியூசியம் ஆக்கிடலாம்' என்பது அரசுகளின் முதல் யோசனை. மதுரையில் ராணி மங்கம்மாள் கால தமுக்கம் அரண்மனை 1959-ல் காந்தி நினைவு அருங்காட்சியகமானது. எழும்பூரில் பழைய போலீஸ் கமிஷனர் அலுவலகம் 2021-ல் காவல் அருங்காட்சியகமானது. இரண்டுக்கும் அந்தந்த இடத்தோடு பொருந்தும் கதை இருக்கிறது. எல்லாக் கட்டடத்துக்கும் அப்படி அமையாது. நுழைவுக் கட்டணத்தில் கூரை ஒழுகலைச் சரிசெய்ய முடியாது. தினமும் நூறு பேர் வந்துபோகும் நூலகமோ, பத்திரப்பதிவு அலுவலகமோ பல நேரங்களில் மேல்.

செட்டிநாட்டு வீடுகள் என்ன ஆகும்?

தனியார் கட்டடங்களின் கதை இன்னும் கடினமானது. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் இருக்கும் நகரத்தார் வீடுகளில் பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் ஏராளம். ஆளுக்கொரு ஊரில், சிலர் வெளிநாட்டில். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் கதவு திறக்கும். ஓட்டை மாற்ற எல்லோரும் பணம் போட வேண்டும். இடித்து விற்க எல்லோரும் ஒப்புக்கொண்டால் போதும், தூணுக்கும் கதவுக்கும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் உடனே விலை கிடைத்துவிடும்.

காரைக்குடியின் 'தி பங்களா', கானாடுகாத்தான் 'விசாலம்', கடியாபட்டி 'சிதம்பர விலாஸ்' போன்றவை ஹோட்டல்களாக மாறிப் பிழைத்தன. ஆத்தங்குடி டைல்ஸ் செய்பவர்களுக்கும், ஆச்சிமார் சமையல் தெரிந்தவர்களுக்கும் வேலை கிடைத்தது. ஆனால், அத்தனை வீடும் ஹோட்டல் ஆக முடியாது. அவ்வளவு டூரிஸ்ட் வரவும் மாட்டார்கள். சினிமா ஷூட்டிங் வாடகை இன்னொரு வழி. காசு வரும், கூடவே சுவரில் ஆணியும் வரும்.

சட்டம் காப்பாத்தாதா?

பாதிதான். மத்திய அரசின் 1958-ம் ஆண்டுச் சட்டமும், தமிழக அரசின் 1966-ம் ஆண்டுச் சட்டமும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவிக்கப்பட்டவற்றுக்குத்தான். சாதாரணத் தெருவில் நிற்கும் பழைய வீடு பெரும்பாலும் இரண்டிலும் வராது. அதற்காகத் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது, ஆனால் நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆனது.

நீதிமன்றத் தடைக்கும் எல்லை உண்டு. அண்ணா சாலையில் 1897-ல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் போனது, இடிப்பு நின்றது. ஆனால் 'இடிக்காதே' என்று சொல்லும் உத்தரவு, 'உள்ளே என்ன நடத்துவது' என்று சொல்வதில்லை. தீர்ப்புக்குப் பிறகும் பல ஆண்டுகள் அது ஆளில்லாமலேதான் கிடந்தது.

உங்க வீடே நூறு வருஷப் பழசா?

ஹோட்டலா, கிளினிக்கா, டியூஷன் சென்டரா என்று முடிவெடுக்கும் முன் மாடியில் ஏறிப் பாருங்கள். மழைநீர் வெளியேறும் வழிகளைச் சுத்தம் செய்யுங்கள். அரசங்கன்றைக் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுத்துச் சந்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும்.

சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் உப்பாகப் பூத்து, செங்கல் பொடிந்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது குறைவு, தேடித்தான் பிடிக்க வேண்டும். புதிய கழிப்பறையைப் பழைய சுவருக்குள் நுழைக்காமல் பின்கட்டில் தனியாகக் கட்டுங்கள். ஒயரைச் சுவரை வெட்டிப் பதிக்காமல் குழாயில் வெளியே கொண்டு போங்கள், நாளைக்கு வேறு தொழில் வந்தால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். மாடி வேலையை ஆடி, ஆவணிக்குள் முடித்துவிட்டால், சுண்ணாம்பு இறுகுவதற்கு நேரம் கிடைக்கும்.