வரலாற்றில் காலியான ஓர் இடம்: 'ஸ்டார் ட்ரெக்'கும் அட்டிகா சிறையும்

காலப் பயணக் கதைகளுக்கு ஒரு சட்டம் உண்டு. கடந்த காலத்துக்குப் போகிறவர் அங்கே எதையும் தொடக் கூடாது. தொட்டுவிட்டால், கலைந்ததைப் பழையபடி அடுக்கி வைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். வரலாற்றைக் 'காப்பாற்றுவது' என்று இதற்குப் பெயர். யாருடைய வரலாறு, யார் உயிரைக் கொடுத்து என்பதையெல்லாம் இந்தச் சட்டம் பேசுவதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'ஸ்டார் ட்ரெக்'கின் இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது கொஞ்சம் வெளியே தெரிகிறது.

முதல் கதை 1967 ஏப்ரல் 6இல் ஒளிபரப்பானது. விண்கலத் தலைவர் கிர்க் 1930இன் நியூயார்க்குக்குப் போய்ச் சேர்கிறார். பொருளாதார வீழ்ச்சிக் காலம். வேலையற்றவர்களுக்குச் சாப்பாடு போடும் ஓர் இல்லத்தை ஈடித் கீலர் என்ற பெண் நடத்துகிறாள். கிர்க் அவளைக் காதலிக்கிறார். ஆனால் அவள் விபத்தில் சாகாமல் பிழைத்தால் சமாதான இயக்கம் ஒன்றை வளர்ப்பாள். அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்குவது தள்ளிப்போகும். ஹிட்லர் அணுகுண்டோடு ஜெயித்துவிடுவார். ஆகவே லாரி வரும்போது அவளைக் காப்பாற்றப் பாய்கிற டாக்டரைக் கிர்க்கே பிடித்து நிறுத்துகிறார். வரலாறு காப்பாற்றப்பட்டுவிட்டது.

இதற்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 4இல், அதே நியூயார்க்கின் ரிவர்சைட் தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் வியட்நாம் போரைக் கண்டித்துப் பேசினார். தேதிகள் ஒட்டி வந்தது தற்செயல்தான். ஆனால் சமாதானம் பேசுகிறவள் சொல்வது சரி, காலம்தான் தப்பு என்று கதைக்குள் வரும் வாதத்தைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. போருக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த ஒரு நாட்டில் அந்த வாதம் யாருக்கு வசதி என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இரண்டாவது கதை 'பாஸ்ட் டென்ஸ்'. 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற பிந்தைய தொடரில் 1995 ஜனவரியில் இரண்டு பகுதிகளாக வந்தது. 24ஆம் நூற்றாண்டின் அதிகாரிகள் மூன்று பேர் ஒரு கோளாறால் 2024இன் சான் பிரான்சிஸ்கோவில் விழுகிறார்கள். கறுப்பரான சிஸ்கோவையும் பழுப்பு நிறத்தவரான டாக்டர் பாஷிரையும் காவலர்கள் தட்டி எழுப்பி, அடையாள அட்டை இல்லை என்று மதில் சூழ்ந்த ஒரு பகுதிக்குள் தள்ளுகிறார்கள். வெள்ளைத் தோல் கொண்ட டாக்ஸிடமும் அட்டை கிடையாது. ஆனால் அவளை ஒரு பணக்காரத் தொழிலதிபர் கண்டெடுத்து விருந்துக்கு அழைத்துப் போகிறார். கதை இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரதி தன்னையும் மீறிப் பேசுகிற இடம் இது.

அந்த மதிலுக்குள் இருக்கும் இடத்தின் பெயர் 'சாங்க்சுவரி'. தமிழில் சரணாலயம் என்கிறோம். பறவைகளுக்கு வைத்திருக்கிற சொல். வேலை இழந்தவர்களும் மனநோயாளிகளும் உதிரிகளும் அங்கே ஒன்றாக அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். அடைக்கலம் என்று சொல்லி அடைப்பது. இது வெறும் கற்பனை இல்லை. 1994இல் லாஸ் ஏஞ்சலிஸ் மேயர் ரிச்சர்ட் ரியோர்டனின் நிர்வாகம், நகர மையத்தின் வீடற்றவர்களுக்கென வேலி போட்ட ஓர் இடத்தை ஒதுக்கும் யோசனையை முன்வைத்தது. கதை படமாகிக்கொண்டிருந்தபோதே அந்தச் செய்தி பத்திரிகையில் வந்துவிட்டது.

வரலாற்றின்படி அந்தச் சரணாலயத்தில் ஒரு கலகம் வெடிக்க வேண்டும். கேப்ரியல் பெல் என்ற கறுப்பர், பிடித்து வைக்கப்பட்ட ஊழியர்களைக் காப்பாற்றி உயிரை விட வேண்டும். ராணுவம் புகுந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொல்ல வேண்டும். அந்தச் சாவுகளைப் பார்த்து நாடு மனம் மாற வேண்டும். ஆனால் பாஷிரைக் காப்பாற்றப் போய்ப் பெல் முன்கூட்டியே கத்திக்குத்துப் பட்டுச் செத்துவிடுகிறார். உடனே எதிர்காலமே காணாமல் போகிறது. வேறு வழியில்லாமல் சிஸ்கோ பெல்லின் பெயரை எடுத்துக்கொண்டு கலகத்தை நடத்துகிறார்.

1967இல் ஏழைகளுக்குச் சோறு போட்டவள் சாக வேண்டியிருந்தது. 1995இல் ஏழைகளின் கலகம் நடந்தே தீர வேண்டியிருக்கிறது. வரலாற்றைக் காப்பாற்றுவதற்கே கலகம் தேவைப்படுகிறது. சின்ன நகர்வு இல்லை இது. இந்த 28 வருஷ இடைவெளியில் என்ன நடந்தது? 1992இன் லாஸ் ஏஞ்சலிஸ் கலவரம் நடந்தது. அதற்கும் முன்னால் அட்டிகா நடந்தது. கதையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஐரா ஸ்டீவன் பேருக்கு இந்தக் கலகத்தின் முன்மாதிரியே அட்டிகாதான்.

நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் 1971 செப்டம்பர் 9இல் சுமார் 1,300 கைதிகள் காவலர்களைப் பணயமாகப் பிடித்துச் சிறையின் ஒரு பகுதியைக் கைப்பற்றினார்கள். பெரும்பாலோர் கறுப்பர்களும் போர்ட்டோரிக்கர்களும். கறுப்பு முஸ்லிம் கைதிகள் பணயக்கைதிகளைச் சுற்றி வளையமாக நின்று பாதுகாத்தார்கள். எல்.டி. பார்க்லி என்ற 21 வயது இளைஞர் தொலைக்காட்சிக் கேமராக்கள் முன் எல்லோருக்காகவும் பேசினார். 13ஆம் தேதி ஆளுநர் நெல்சன் ராக்பெல்லரின் ஒப்புதலோடு போலீஸ் புகுந்து சுட்டது. 29 கைதிகளும் 10 பணயக்கைதிகளும் செத்தார்கள். பார்க்லியும் செத்தார். பணயக்கைதிகளின் கழுத்தைக் கைதிகள் அறுத்துவிட்டார்கள் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். பத்திரிகைகள் அப்படியே போட்டன. மறுநாள் பிரேதப் பரிசோதனை அதை உடைத்தது. அத்தனை பேரும் குண்டடி பட்டே செத்திருந்தார்கள். சுட்டவை அரசின் துப்பாக்கிகள்.

1972 ஏப்ரலில் இந்தச் சிறையைப் பார்க்கப் போன ஃபூக்கோ, மனிதர்களை விழுங்கிச் சிதைத்து வெளித்தள்ளும் ஒரு ஜீரண உறுப்போடு அதை ஒப்பிட்டார். வேண்டாதவர்களை ஒரே மதிலுக்குள் போட்டுவைக்கும் சரணாலயத்துக்கும் இது பொருந்தும்.

இப்போது கதைக்குத் திரும்பினால், அது அட்டிகாவை எந்த இடத்தில் திருத்துகிறது என்பது தெரியும். கதையில் பணயக்கைதி ஒருவருக்கும் ஒன்றும் ஆவதில்லை. உயிர் பிழைத்த காவலர் ஒருவரே உள்ளே நடந்த உண்மையைச் சொல்ல ஒப்புக்கொள்கிறார். அதனால்தான் நாடு மனம் மாறுகிறது. அதாவது, ஏழைகள் சாவது மட்டும் போதாது. மற்றவர்களின் உயிரைக் காத்துவிட்டுச் சாக வேண்டும், அதற்கு ஒரு காவலர் சாட்சி சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர்கள் சாவு வரலாற்றில் ஏறும். கலகக்காரர்களின் உணர்வு, அவர்களை அடக்கியவர்களின் ஏடுகளில்தான் பதிவாகியிருக்கிறது என்று 1983இல் ரணஜித் குஹா காட்டினார். இங்கே நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு கதையாடலும் அதே வாசல் வழியாகத்தான் போகிறது.

கடைசிக் காட்சியில் ஆவணக்காப்பகத்தில் பெல்லின் படத்தைத் தேடுகிறார்கள். அங்கே இருப்பது சிஸ்கோவின் முகம். பெயர் மிஞ்சியது, முகம் போய்விட்டது. விளிம்புநிலை மனிதரின் இடத்தில் எதிர்காலத்தின் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். சிஸ்கோ கறுப்பராக இருப்பதால் இது கண்ணை உறுத்துவதில்லை, அவ்வளவுதான். அட்டிகாவில் அப்படி ஒரு மாற்று ஆள் யாரும் வரவில்லை. பணயக்கைதிகளைக் காத்தபிறகும் கைதிகள் மேல் பொய் விழுந்தது. நியூயார்க் மாநிலம் அவர்களுக்கு 80 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டபோது வருஷம் 2000.

கதை குறித்துக் கொடுத்த 2024ம் வந்து போயிற்று. அந்த ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் அமெரிக்காவில் வீடற்றவர்கள் 7,71,480 பேர். அதுவரை எடுத்த கணக்குகளில் அதுவே அதிகம். ஜூன் 28இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பொது இடங்களில் தூங்குவோரை நகரங்கள் தண்டிக்கலாம் என்று 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மதில் கட்டவே தேவைப்படவில்லை. கலகமும் நடக்கவில்லை.

நிலைமை இவ்வளவு கெட்டுப்போக எப்படி விட்டார்கள் என்று பாஷிர் கேட்க, தெரியவில்லை என்று சிஸ்கோ சொல்வதோடு கதை முடிகிறது. அது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அட்டிகா கைதிகளுக்குத் தெரிந்திருந்தது. உழைப்புக்குக் குறைந்தபட்சக் கூலி, ஒழுங்கான சாப்பாடு, மருத்துவம், வழிபாட்டு உரிமை, தணிக்கை இல்லாத பத்திரிகை என்று வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவற்றில் 28 அம்சங்களைச் சிறை ஆணையர் ஏற்கவும் செய்தார். கலகத்துக்குப் பொதுமன்னிப்பு என்பதை அரசு கடைசிவரை ஏற்கவில்லை. பேச்சு அங்கே முறிந்தது, துப்பாக்கி வந்தது.