பெயர் தெரியாத நரம்புகள்

பாவூர்சத்திரத்தில், திருநெல்வேலி – தென்காசிச் சாலையை ஒட்டிய ஒரு வீட்டில், பழைய பேஸ் கிட்டார் ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் விலைக்கு வாங்கினோம். கோயில் கொடைகளிலும் கிறிஸ்துமஸ் விழாக்களிலும் வாசித்துவந்த இன்னிசைக் குழுவொன்று கலைந்தபோது மிஞ்சிய கருவி அது. அதில் நான்கு தந்திகள் இருந்தன. எந்த நிறுவனத்தினுடையவை, எந்தக் காலத்தவை என்று கேட்டதற்கு, விற்றவர் சிரித்துக்கொண்டே, "கம்பி கம்பிதான் அண்ணாச்சி, அதுக்கு என்ன பேரு?" என்றார்.

புதுத் தந்தி வாங்கிப் பூட்டிவிடலாம் என்று நம்மில் ஒருவர் சொன்னார். மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. அந்த ஒலி நன்றாக இருந்தது. கழற்றி எறிந்துவிட்டால் அதை மீண்டும் பெறுவது எப்படி? ஆகவே முதலில் அவை என்னவென்று அறிய முற்பட்டோம்.

நகத்தால் வருடிப் பார்த்ததில் மூன்று தந்திகள் வழவழவென்றிருந்தன. நான்காவதான மெல்லிய தந்தி மட்டும் அரம்போலச் சரசரத்தது. இவ்வேறுபாட்டுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. 1951இல் ஃபெண்டர் நிறுவனம் தன் பேஸ் கிட்டாரை வெளியிட்ட காலத்தில், எஃகு நடுக்கம்பியின்மேல் தட்டையான நாடாவைச் சுற்றிய தந்திகளே வழக்கில் இருந்தன. அவற்றின் ஒலி மழுங்கியது, கனத்தது. உருண்டைக் கம்பி சுற்றிய, கணீரென்று ஒலிக்கும் தந்தியை 1966இல் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தார் ஜான் என்ட்விசில் என்னும் கலைஞரின் துணையோடு செம்மைப்படுத்திய பிறகே அவ்வகை பரவியது. நம் கருவியில் மூன்று முதல் வகை, ஒன்று இரண்டாம் வகை. இடையில் எப்போதோ ஒன்று அறுந்து, கிடைத்ததைப் பூட்டியிருக்கிறார்கள்.

அடுத்து, தந்திகளைக் கழற்றி நகைக்கடைத் தராசில் நிறுத்தோம். மிகத் தடித்தது மீட்டருக்கு ஏறத்தாழ 36 கிராம். மிக மெல்லியது 6.5 கிராம். ஒரே நீளமும் ஒரே இழுவிசையும் உடைய இரு தந்திகளில், எடை நான்கு மடங்கானால் அதிர்வு பாதியாகும். இது பதினேழாம் நூற்றாண்டில் மெர்சென் வகுத்த விதி. பேஸ் கிட்டாரின் வழக்கமான சுருதியில் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41.2 முறையும் உயர்ந்தது 98 முறையும் அதிர்கின்றன. அப்படியானால் எடை ஐந்தரை மடங்குக்குச் சற்றே கூடுதலாக வேறுபட வேண்டும். நம் தராசும் ஏறக்குறைய அதையே சொல்லிற்று. ஒவ்வொரு தந்தியும் சுமார் 19 கிலோ எடையைத் தாங்குவதுபோல இழுபட்டு நிற்கும் என்பதும் கணக்கில் தெரிந்தது. செய்தவர் பெயர் கிடைக்கவில்லை. ஆயினும் அவை எந்தச் சுருதிக்கென்று செய்யப்பட்டன என்பது ஐயமறத் தெரிந்துவிட்டது.

இவ்விடத்தில் நம் நினைவு பாவூர்சத்திரத்திலிருந்து சுரண்டையைத் தாண்டிச் சென்றது. அப்பால் இருக்கும் சாம்பவர்வடகரையில் 1859இல் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். தஞ்சையில் ஆசிரியராகவும் சித்த மருத்துவராகவும் வாழ்ந்து, 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூலை வெளியிட்டவர். அவர் முன்னிருந்த வினாவும் நம்முடையதைப் போன்றதே. ஆனால் அவரிடம் தந்தியே இல்லை. யாழ் அழிந்துபோயிருந்தது. எஞ்சியிருந்தவற்றுள் முக்கியமானவை சிலப்பதிகாரமும் அதன் உரைகளும்.

பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று அடியார்க்குநல்லார் நரம்புகளின் எண்ணிக்கையைத் தருகிறார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் பெயர்களும் உள்ளன. ஆனால் அவற்றின் ஒலி? பழந்தமிழில் 'நரம்பு' என்ற சொல்லே தந்தியையும் குறிக்கும், சுரத்தையும் குறிக்கும் என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். நரம்பு இன்னதென்று தெரியவில்லையென்றால் இசையே தெரியவில்லை என்று பொருள்.

நின்ற நரம்பிலிருந்து நான்காவதை நட்பு என்றும் ஐந்தாவதைக் கிளை என்றும் முன்னோர் உறவுப் பெயரிட்டனர். பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று நான்காம் நரம்பாகச் சுருதி கூட்டப்படுபவை. அதாவது நண்பர்கள் நால்வர். இத்தகைய உறவுகளைப் பிடித்துக்கொண்டே பண்டிதர் கணக்கிட்டார். ஒரு தாயியில் 22 சுருதி என்று தேவல், கிளெமென்ட்ஸ் முதலியோர் வாதிட்டு வந்த காலத்தில், சமமான 24 என்று அவர் 1916ஆம் ஆண்டு பரோடா இசை மாநாட்டில் எடுத்துரைத்தார். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் சமமான பன்னிரண்டு சுரத்தானங்கள். நம் கிட்டாரின் கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகள் காட்டுவதும் அதே பன்னிரண்டுதான். 86.36 சென்டிமீட்டர் தந்தியில் முதற்கட்டை 4.85 சென்டிமீட்டரிலும் பன்னிரண்டாவது சரிபாதியிலும் அமையும்.

இம்முடிவை எல்லாரும் ஏற்கவில்லை. சமப் பகுப்பில் ஐந்தாம் நரம்பு 1.498 மடங்கு, இயற்கையான கிளையோ 1.5 மடங்கு. இந்த நுண்ணிய இடைவெளிக்குள்தான் பெரிய சண்டைகள் நடந்தன.

பின்னர் ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் வந்தார். அறிவியல் பயின்றவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். பண்டிதர் குரலைச் சட்சமமாகக் கொள்ள, அடிகள் அதை மத்திமமாகக் கொண்டு இளியைச் சட்சமமாக்கினார். 1950இல் பண்டிதரின் மகன் வரகுணபாண்டியன் 'பாணர் கைவழி' என்னும் நூலில் யாழும் வீணையும் ஒன்றே என்று வாதாடினார். ஒரே சான்றுகள், மூன்று முடிவுகள்.

இதில் வியப்பில்லை. நம் தராசு தந்திகளுக்கு இடையே உள்ள விகிதத்தைச் சொன்னது. அவ்விகிதத்தை எந்தச் சுரத்தில் நிறுத்துவது என்பதை, கருவி முன்னே இருந்ததாலும் வழக்கு உயிரோடிருந்ததாலும் அறிந்தோம். இளங்கோவடிகளின் பாடலிலும் உரையிலும் உறவுகள் எஞ்சின, நிற்குமிடம் எஞ்சவில்லை. பாணர் மரபு அறுந்தபோது அறுந்தது அந்த ஒரு செய்திதான். அதை மீட்கவே இப்பெரியோர் தம் வாழ்நாளைச் செலவிட்டார்கள்.

நாம் அந்தப் பழைய தந்திகளை மீண்டும் பூட்டிவிட்டோம். அவை என்றேனும் அறுந்துபோகும். அதற்குள் ஒரு தாளில் ஒவ்வொன்றின் தடிமனையும் எடையையும் சுருதியையும் எழுதி, கிட்டாரின் உறைக்குள் வைத்திருக்கிறோம். அடுத்து வாங்குபவர் எவராயினும், "கம்பிக்கு என்ன பேரு?" என்று கேட்டால் சொல்வதற்குச் சிறிதேனும் இருக்கட்டும்.