குடும்ப அமைப்புக் கோட்பாடு: சிகிச்சையாளரும் குடும்பங்களும் கற்ற வரலாறு

குடும்ப அமைப்புக் கோட்பாடு என்பது, ஒருவரின் மனநலச் சிக்கலை அவருக்குள் மட்டும் தேடாமல், அவர் வாழும் குடும்பத்தின் உறவுப் பின்னலில் வைத்துப் பார்க்கும் அணுகுமுறையாகும். இதை வகுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மனநல மருத்துவர் மறே போவன் (1913–1990). அவர் 1954 முதல் 1959 வரை அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பணியாற்றினார். மனச்சிதைவு நோயாளிகளையும் அவர்களின் தாய்மாரையும், பின்னர் தந்தையரையும் உடன்பிறந்தோரையும் அங்கேயே தங்கவைத்து ஆய்ந்தார்.

அதே பத்தாண்டில் இந்திய மனநல மருத்துவமனைகளுக்குள்ளும் குடும்பங்கள் வந்தன. அமிர்தசரசில் மருத்துவர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து உறவினரை நோயாளியுடன் தங்கச் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவது சிகிச்சையின் பகுதியானது. இம்முறையை விளக்கி கோல்மையர், பெர்னாண்டசு ஆகிய இருவர் 1963இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் எழுதினர்.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் நோக்கம் வேறு. மனச்சிதைவுக்குத் தாயே காரணம் என்னும் கருத்தை 1948இல் பிரீடா புரோம்-ரைக்மன் முன்வைத்திருந்தார். அமெரிக்க ஆய்வுகள் பலவும் குடும்பத்தில் நோயின் வேரைத் தேடின. போவனும் தாய்–சேய் பிணைப்பிலிருந்தே தொடங்கினார். அமிர்தசரசும் வேலூரும் குடும்பத்தைத் துணையாகக் கண்டன. ஏற்கெனவே ஊராரின் பேச்சுக்கு அஞ்சி வாழும் ஒரு தாய்க்கு இந்த வேறுபாடு சிறியதன்று. அக்கம்பக்கத்தில் தங்கும் குடும்பங்கள் ஒருவர் அனுபவத்தை மற்றவர் கேட்டறியவும் அங்கே வழி பிறந்தது. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தை (இசுகார்ஃப்) நிறுவினார். நோயாளிகளின் குடும்பத்தாரே நடத்தும் ஆசா என்ற அமைப்பும் 1989இல் இந்நகரில் உருவானது.

குடும்பங்கள் கற்றன, சிகிச்சையாளர் எப்படிக் கற்பது? போவன் 1967இல் ஒரு மாநாட்டில், ஆய்வுரைக்குப் பதிலாகத் தம் சொந்தக் குடும்பத்தில் தாம் செய்த முயற்சியை விவரித்தார். அது 1972இல் ஆசிரியர் பெயரின்றியே அச்சானது. அதைக் கேட்ட சார்ச்டவுன் பல்கலைக்கழகப் பயிற்சி மருத்துவர் சிலர், தத்தம் பெற்றோரைப் பார்க்கச் சென்று திரும்பினர். சிகிச்சை நுட்பத்தை மட்டும் பயின்றவர்களைவிட இவர்களே நோயாளிக் குடும்பங்களுடன் சிறப்பாகப் பணியாற்றியதைப் போவன் கண்டார். அதன்பின் சொந்தக் குடும்ப ஆய்வு அவரது பயிற்சியின் மையமாயிற்று.

இது ஏன் தேவை என்பதை நம்மூர் எடுத்துக்காட்டால் காணலாம். படப்பையில் வாடகைக்கு இருந்து ஒரகடம் தொழிற்சாலைக்குச் செல்லும் மகன். வீட்டில் தாய்க்கும் மனைவிக்கும் பூசல். இருவர் இடையிலான பதற்றம் மூன்றாமவரை இழுத்துக்கொள்வதையே போவன் 'முக்கோணம்' என்றார். ஆலோசகர் வந்ததும் அவரையும் இழுப்பார்கள். தம் வீட்டில் அத்தைக்கும் அம்மாவுக்கும் நடுவே வளர்ந்த ஆலோசகர், யார் பக்கம் சாய்கிறோம் என்பதை அறியாமலே சாய்ந்துவிடக்கூடும்.

எனவே பயிற்சி பெறுவோர் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடத்தைச் சக சிகிச்சையாளர் முன் வைக்கின்றனர். அங்கே யார் செய்தது சரி என்ற தீர்ப்பு தேவையில்லை. யார் யாரோடு பேசுவதை நிறுத்தினர், எந்தச் சாவுக்குப் பின், அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பனவே கேள்விகள். பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆனவர்களும் அதே வரைபடத்துடன் மீண்டும் வருவதுண்டு. இடையில் வீட்டில் ஒரு திருமணமோ ஒரு மரணமோ நிகழ்ந்திருக்கும்.