அறுபது விளம்பரங்கள்: சயானிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

மாடலிங் துறைக்குள் புதிதாக நுழைய விரும்புவோருக்குக் காலங்காலமாக ஒரே அறிவுரைதான் சொல்லப்படுகிறது: நல்ல ஒளிப்படங்கள் எடுத்து வைத்துக்கொள், விளம்பர நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தருவோரிடம் அவற்றைக் கொடு, அழைப்பு வரும்வரை பொறு. முதலிரண்டைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவதை, அதாவது பொறுத்திருக்க யாரால் முடிந்தது என்பதை, வரலாறு எழுதுவோர் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. சயான் நிலையத்தில் இறங்கி மேற்கே சென்றால் தாராவியின் தோல்பொருள் கடைகள். கிழக்கே ஷண்முகானந்தா அரங்கம். அதற்கும் கிழக்கே செம்பூர். மூன்றிலும் தமிழ் கேட்கிறது. கேமராவின் முன் சென்று நிற்கும் வாய்ப்பு மட்டும் மூன்றுக்கும் ஒன்றாக இருந்ததில்லை.

பம்பாயின் விளம்பர முகங்கள் தொடக்கத்தில் இரண்டு இடங்களிலிருந்து வந்தன. ஒன்று திரைப்படம்: 1941இல் லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் தோன்றிய லீலா சிட்னிஸ் அதற்கு எடுத்துக்காட்டு. மற்றொன்று, ஆங்கிலம் பேசும் நகர்ப்புறச் சிறுபான்மையினரின் வீடுகள். 1947இல் மிஸ் இந்தியாவாகத் தேர்வான பிரமிளா என்னும் எஸ்தர் ஆபிரகாம் பாக்தாதி யூதக் குடும்பத்தவர். 1966இல் உலக அழகியான ரீட்டா ஃபாரியா கோவாக் கிறிஸ்தவப் பெற்றோரின் மகள், மருத்துவ மாணவி, பட்டக் காலம் முடிந்ததும் மருத்துவத்துக்கே திரும்பிவிட்டார். மாட்டுங்காவின் நடுத்தரத் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்விரு வாசல்களும் அந்நியமானவை.

அவர்களுக்கென்று வேறொரு வாசல் இருந்தது. திருவிடைமருதூர் மரபைச் சேர்ந்த குப்பையா பிள்ளையின் குடும்பத்தார் 1945இல் மாட்டுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரைத் தொடங்கினர். பெண் பொதுமேடையில் பலர் பார்க்க நிற்பதைக் கண்ணியமானதாக ஏற்றுக்கொள்ளச் செய்ததில் இத்தகைய பள்ளிகளின் பங்கு பெரிது. அரங்கேற்றத்தையொட்டி ஸ்டுடியோவில் எடுக்கப்படும் படத்தை, எவரும் அப்பெயரிட்டு அழைக்காத முதல் ‘போர்ட்ஃபோலியோ’ என்றே நான் வாசிக்கிறேன். முகபாவம், உடல்நிலை, அணிகலன், ஒளியமைப்பு ஆகிய அனைத்தும் அதில் உண்டு. நாட்டியத்தின் வழியாகப் பம்பாய்த் திரைக்கு வந்த ஹேமமாலினியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ஸ்ரீதரின் ‘வெண்ணிற ஆடை’யிலிருந்து (1965) விலக்கப்பட்ட அவர், 1968இல் ‘சப்னோ கா சௌதாகர்’ இந்திப் படத்தில் ராஜ் கபூருடன் அறிமுகமானார். தமிழ்த்திரை வேண்டாமென்ற முகத்தைப் பம்பாய் ‘ட்ரீம் கேர்ள்’ என்று விளம்பரப்படுத்தியது.

அழகிப் போட்டியின் வழியே சென்றவரும் உண்டு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து நாட்டியம் பயின்ற மீனாட்சி சேஷாத்ரி 1981இல் ‘ஈவ்ஸ் வீக்லி’ இதழின் மிஸ் இந்தியாவானபோது அவருக்கு வயது 17. ஆயினும் இது சிலருக்கே திறந்த கதவு.

பரவலான மாற்றத்தைக் கொண்டுவந்தது தொலைக்காட்சி. 1976இல் தூர்தர்ஷன் விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது. 1982இல் வண்ணம் வந்தது. இதற்குச் சற்று முன்னர், 1975இல், லிரில் சோப்பு அறிமுகமானது. அருவியில் நனைந்து ஆடும் பெண்ணாக கேரன் லூனல் தோன்றினார். அந்த அருவி கொடைக்கானலைச் சேர்ந்தது. அதாவது நீர் தமிழகத்தினுடையது, முகம் பம்பாயினுடையது! அதே 1975இல்தான் ஃபேர் அண்ட் லவ்லியும் சந்தைக்கு வந்தது. எத்தகைய தோல் கேமராவுக்கு உகந்தது என்னும் தீர்ப்பை அது வீடுதோறும் கொண்டுசேர்த்தது. பெயரிலிருந்து ‘ஃபேர்’ நீக்கப்பட 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1980களில் லிண்டாஸ் நிறுவனத்தின் அலீக் பதம்சி சர்ஃப் தூளுக்காக உருவாக்கிய ‘லலிதாஜி’ இதற்கு எதிர்த்திசையில் சென்றவர். மலிவான நிர்மாவுக்கு விடை சொல்ல அந்நிறுவனத்துக்குத் தேவைப்பட்டவர் அழகியல்லர். காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் இல்லத்தரசி. கவிதா சௌத்ரி அப்பாத்திரத்தை ஏற்றார். சேலை கட்டிய, கணக்குப் பார்க்கும், பக்கத்துவீட்டு முகம் விற்பனைக்கு உதவும் என்பது அதன்பின் தொழிலின் அறிவாயிற்று. 1990களில் செயற்கைக்கோள் அலைவரிசைகள் பெருகியபோது இத்தகைய முகங்களுக்கான தேவையும் பெருகியது.

இந்தப் பின்னணியில்தான் செம்பூரில் வளர்ந்த வித்யா பாலனின் தொடக்கத்தை வைத்துப் பார்க்க வேண்டும். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. செயின்ட் அந்தோணி பெண்கள் பள்ளி மாணவியான அவர், 1995இல் ஜீ தொலைக்காட்சியின் ‘ஹம் பாஞ்ச்’ தொடரில் மூக்குக்கண்ணாடி அணிந்த பெண்ணாக நடித்தார். படிப்பை முடிக்க வேண்டும் என்றனர் பெற்றோர். செயின்ட் சேவியர் கல்லூரியில் சமூகவியல், பின்னர் மும்பைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை. அக்காலத்தில் மோகன்லாலுடன் நடிக்கவிருந்த ‘சக்கரம்’ என்னும் மலையாளப் படம் பாதியில் நின்றது. பழி புதியவர்மேல் விழுந்தது. ‘ராசியில்லாதவர்’ என்ற பெயர் பரவ, ஒப்பந்தமான பிற மலையாளப் படங்களும் கைநழுவின. தமிழில் ‘ரன்’ படத்தின் முதற்கட்டப் படப்பிடிப்புக்குப்பின் அவரிடத்தில் மீரா ஜாஸ்மின் வந்தார். ‘மனசெல்லாம்’ படத்தில் த்ரிஷா.

அதன்பின் அவர் செய்தது ஏறத்தாழ 60 தொலைக்காட்சி விளம்பரங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை இயக்கியவர் பிரதீப் சர்க்கார். யூஃபோரியா குழுவினரின் இசைக்காணொளியிலும் அவர் தோன்றினார். 2003இல் வங்காளத்தில் ‘பாலோ தேகோ’. 2005இல் அதே சர்க்காரின் இயக்கத்தில் ‘பரிணீதா’. அப்போதும் தயாரிப்பாளர் விது வினோத் சோப்ரா ஏற்கெனவே பெயர்பெற்ற நடிகையையே விரும்பினார். ஆறு மாதம் நீண்ட தேர்வுகளுக்குப் பின்னரே இசைந்தார்.

இதனை விடாமுயற்சியின் வெற்றிக் கதையாகச் சொல்வது வழக்கம். அவ்வாறு சொல்லும்போது இரண்டு செய்திகள் மறைந்துவிடுகின்றன. முதலாவது, விளம்பரப் படம் அவருக்குப் பயிற்சிக்கூடமாக இருந்தது. அரை நிமிடத்தில் ஒரு மனைவியாகவோ மருமகளாகவோ நம்பவைத்துவிட்டு விலக வேண்டும். பார்ப்பவர் மனத்தில் பொருளின் பெயர் நிற்கும், நடித்தவர் பெயர் நிற்காது. திரையுலகம் ‘ராசி’ பார்த்த நாட்களில், பெயரற்றிருப்பதே பாதுகாப்பாகவும் அமைந்தது எனலாம். இரண்டாவது, அந்த ஆண்டுகளில் அவருக்குத் தலைக்குமேல் கூரையும், கையில் பட்டமும், பொறுத்திருக்க இசைந்த பெற்றோரும் இருந்தனர். அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக இதனை எழுதவில்லை. ஆனால் ஒளிப்படத் தொகுப்புக்கான செலவு, தேர்வுக்காக அந்தேரிவரை ரயிலேறி வெறுங்கையோடு திரும்பும் நாளின் கூலியிழப்பு ஆகியவற்றைத் தொழிலின் நுழைவுக் கட்டணமாகக் கொள்ளாமல் மாடலிங்கின் சமூக வரலாற்றை எழுத முடியாது.

தாராவிக்கு வந்தால் இது இன்னும் தெளிவாகும். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தலித்துகளும் தமிழ் முஸ்லிம்களும் இங்கே தோல் தொழிலைக் கட்டியெழுப்பினர். மாடலின் தோளில் தொங்கும் பை இங்கே தைக்கப்பட்டிருக்கலாம். தைத்தவரின் மகள் அந்தப் பையைத் தோளில் மாட்டிக் கேமராமுன் நின்றதற்கான சான்றைத் தேடுவது எளிதன்று. குடிசைப் பகுதிச் சிறுமி ஒருத்தி 2023இல் அழகுப்பொருள் நிறுவனமொன்றின் விளம்பர முகமானபோது, பாந்திராவைச் சேர்ந்த அவளைச் சில செய்திகள் ‘தாராவிச் சிறுமி’ என்றே எழுதின. செய்தியாளருக்கு வறுமை என்றால் தாராவிதான் போலும்.

ஆய்வாளருக்கு இங்கே நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. விளம்பரப் படத்தின் இறுதியில் நடித்தோர் பட்டியல் ஓடுவதில்லை. நட்சத்திரமானவரின் பழைய விளம்பரங்களை விரும்பிகள் தேடியெடுத்து இணையத்தில் ஏற்றுகின்றனர். இரண்டோ மூன்றோ விளம்பரங்களோடு நின்றுபோனவர்களை யார் தேடுவார்? அவர்களைப் பற்றிய சான்றுகள் வீட்டு அலமாரிகளில்தான் இருக்கக்கூடும்: ஸ்டுடியோப் படங்கள், ஒலி-ஒளி நாடாக்கள், சம்பளச் சீட்டுகள். சயான், மாட்டுங்கா, செம்பூர், தாராவிக் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அத்தையோ சித்தியோ அக்காவோ 1980களிலும் 90களிலும் விளம்பரத் தேர்வுக்குச் சென்ற கதை வீட்டில் இருந்தால், படத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள், யார் உடன் சென்றார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்னும் மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள். எனக்கும் அனுப்புங்கள்.