பெரிய இன நாய்களின் இமை மடிப்புக் கோளாறு

நாயின் இமை விளிம்பு விழியோடு படிந்து நிற்காமல் உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ மடிந்துகொள்ளும் குறைபாடு இது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. உள்மடிப்பை என்ட்ரோபியன் என்றும் வெளிமடிப்பை எக்ட்ரோபியன் என்றும் கால்நடை மருத்துவர்கள் குறிப்பிடுவார்கள். செயின்ட் பெர்னார்ட், கிரேட் டேன், மாஸ்டிஃப், ராட்வீலர், பிளட்ஹவுண்ட் போன்ற பெரிய இனங்களில் அதிகம், லாப்ரடாரிலும் உண்டு.

உள்மடிப்பு இருந்தால், நாய் ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் இமையோர முடி கருவிழியின் மேற்படலத்தில் உராய்கிறது. வலி தாளாமல் நாய் கண்ணை இடுக்கும். இடுக்க இடுக்க இமை மேலும் உள்ளே சுருளும். கண்ணீர் வழிந்து கண்ணுக்குக் கீழே முடி எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும். பீளை கட்டும், வெளிச்சம் கூசும், முகத்தைத் தரையில் தேய்க்கும். கவனிக்காமல் விட்டால் படலத்தில் புண் விழுந்து பார்வையே போய்விடலாம். வெளிமடிப்பில் கீழிமை தொங்கி உட்புறச் செஞ்சவ்வு தெரியும்; தூசி சேர்ந்து அடிக்கடி சிவக்கும். செயின்ட் பெர்னார்டில் இரண்டும் ஒரே கண்ணில் வருவதுண்டு: கீழிமையின் நடுப்பகுதி தொங்க, ஓரங்கள் உள்ளே மடிந்திருக்கும்.

கனத்த மண்டை, தளர்ந்த முகத்தோல், தேவைக்கு மிஞ்சி நீண்ட இமை ஆகிய மூன்றும் சேரும்போது இமைக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. இது மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்த முகம். ஆல்ப்ஸ் மலைக் கணவாயில் துறவிகள் வளர்த்த புகழ்பெற்ற மீட்பு நாய் பாரி (1800–1814), இன்றைய செயின்ட் பெர்னார்டைவிட மிகவும் சிறியது. பெர்ன் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த அதன் உடலை 1923இல் புதுப்பித்தபோது, அன்றைய இனத்தின் தோற்றத்துக்கேற்பத் தலையைப் பெரிதாக்கிவிட்டார்கள்!

மருத்துவர் முதலில் ஃபுளோரசின் சாயம் விட்டுப் பார்ப்பார். புண் இருக்குமிடம் பச்சையாக ஒளிரும். பிறகு மரத்துப்போகும் சொட்டு மருந்து விடுவார். வலி அடங்கியதும் இமை நேராகிவிட்டால் மடிப்புக்கு வலியே காரணம். அப்படியே மடிந்திருந்தால் அமைப்பிலேயே குறை. அமைப்புக் குறையைச் சொட்டு மருந்தால் தீர்க்க முடியாது. இமையோரத் தோலைப் பிறை வடிவில் வெட்டியெடுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சைதான் வழி. முகம் வளர்ந்து முடியும் முன் செய்தால் இமை பின்னர் எதிர்ப்புறம் திரும்பிவிடக்கூடும் என்பதால், குட்டிகளுக்குத் தற்காலிகத் தையல் போட்டுக் காத்திருப்பார்கள். பேரினங்களில் அந்த வளர்ச்சி முடிய ஒன்றரை, இரண்டு வயதுகூட ஆகும். லேசான வெளிமடிப்புக்கு உப்புநீரால் கழுவுவதும் மசகுக் களிம்புமே போதும்.

இமை மடிப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்றும் உண்டு. கண்ணின் உள்மூலையில் செர்ரிப்பழம்போல் சிவந்த உருண்டை எழும்பினால், அது நாயின் உள்மூலையில் இருக்கும் மூன்றாம் இமையின் சுரப்பி இடம் பெயர்ந்து வெளிவந்தது. அதை வெட்டி எறியக் கூடாது. கண்ணீரில் கணிசமான பங்கைச் சுரப்பது அதுதான். உள்ளே வைத்துத் தைக்க வேண்டும்.

வீட்டில் மிஞ்சிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நாய்க்கு விடவே வேண்டாம். புண் உள்ள கண்ணில் அது படலத்தையே கரைத்துவிடக்கூடும். அறுவை சிகிச்சை அந்த நாயின் கண்ணைச் சீராக்கும், மரபணுவை மாற்றாது. இமை மடிப்புக் கோளாறு உள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். குட்டி வாங்குவோர் தாய், தந்தை இரண்டின் கண்களையும் பார்த்த பிறகே வாங்குங்கள்.