தீப்புண்ணும் கிருமியும்: ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால், தம்பலகாமக் குடாவின் நீர் கொட்டியாரக் குடாவோடு கலக்குமிடத்தில் அமைந்துள்ளது கிண்ணியா. அதற்கு வடக்கே, குடாவுக்கு அப்பால், சீனக்குடா உள்ளது. பிரித்தானியர் தம் கடற்படைக்கென அங்கு நிறுவிய எண்ணெய்க் குதங்கள் ஏறத்தாழ நூறு. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாட் காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அவற்றுள் ஒன்று குதமொன்றின்மீது வீழ, மூண்ட தீ ஏழு நாட்கள் எரிந்ததென்பர். அன்றே மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

தீயில் வெந்தவனைத் தீ மட்டுமே கொல்வதில்லை. முதலிரு நாட்களில் உடல் நீரிழந்து தளர்வதாலும், அதனைக் கடந்தபின் புண்ணிற் புகுந்த கிருமியாலும் மரணம் நேர்கின்றது. தோல் உடலுக்கு அரண். அவ்வரண் வெந்தழிந்த இடத்தில் எஞ்சுவது குருதியோட்டமற்ற இறந்த தசை. கிருமிக்கு அதனினும் சிறந்த விளைநிலம் வேறில்லை. 1925 இல் அமெரிக்க மருத்துவர் டேவிட்சன் தனிக்கமிலத்தைப் புண்மேற் பூசும் முறையைப் புகுத்தினார். புண்மீது தோற்பொருக்கு உண்டாயிற்று. ஆனால் அப்பொருக்கின் கீழே கிருமிகள் பெருகின, ஈரலும் கேடுற்றது. போர்க்காலத்திலேயே அம்முறை கைவிடப்பட்டது.

அதே 1942 இல் லெனாட் கோல்புறூக் என்னும் நுண்ணுயிரியல் அறிஞர் கிளாஸ்கோ மருத்துவமனையில் தீப்புண்களை ஆராயத் தொடங்கினார். நோயாளியின் புண்ணிற் காணும் கிருமி பெரும்பாலும் மருத்துவமனையிலேயே வந்து தொற்றுவதென்பதை அவர் தெளிவுறுத்தினார். பின்னர் பேமிங்காமில், தூய்மையாக்கப்பட்ட காற்றோட்டமுள்ள தனியறையிற் புண்ணுக்குக் கட்டிடும் முறையை அவர் நிலைநாட்டினார்.

அவ்வாண்டு நவம்பர் 28 ஆம் நாள் பொஸ்ரன் நகரின் கோக்கனட் குரோவ் விடுதி எரிந்து 492 பேர் மாண்டனர். உயிர்பிழைத்தோர் சிலருக்கு, அக்காலத்தில் மிக அரிதாயிருந்த பெனிசிலின் வழங்கப்பட்டது. இனிக் கிருமிக்குக் காலமில்லை என்று உலகம் மகிழ்ந்தது. ஆயின் அம்மருந்தைக் கண்ட பிளெமிங்கே, 1945 இல் நோபெல் பரிசு ஏற்று ஆற்றிய உரையில், குறைந்த அளவில் மருந்துண்போர் உடலிற் கிருமிகள் அதனைத் தாங்கப் பழகுமென எச்சரித்தார். எச்சரிக்கை விரைவில் மெய்யாயிற்று. மேரி பாபர் இலண்டன் மருத்துவமனையொன்றிற் கண்ட ஸ்டபிலோகொக்கசுக் கிருமிகளுள் பெனிசிலினுக்கு அடங்காதவை 1946 இல் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு. 1948 இற் பாதிக்கும் மேல். 1959 இல் மெதிசிலின் வந்தது. 1961 இல் அதற்கும் அடங்காத கிருமி அறிவிக்கப்பட்டது.

தீப்புண்ணுக்கு மற்றொரு பகை சூடோமோனாஸ். ஈரமுள்ள இடமெங்கும், மருத்துவமனையின் நீர்த்தொட்டியிலும், அது வாழும். புண்ணிற் பச்சை நிறச் சீழை உண்டாக்கும். 1960 களில் அதற்கெனக் கார்பெனிசிலின் கிடைத்தது. 1969 இல் பேமிங்காம் தீப்புண் பிரிவிலேயே லோபரியும் அவர் துணைவரும் அம்மருந்துக்கு அடங்காத சூடோமோனாசைக் கண்டனர். அத்திறன் ஒரு கிருமியினத்திலிருந்து மற்றோர் இனத்துக்குக் கைமாறக் கூடியதென்பதும் பின்பு புலனாயிற்று. ஓரிடத்துத் தவறு அவ்விடத்தோடு நில்லாதென்பதே இதன் பொருள்.

இவ்வரலாற்றில் மருந்தைக் காட்டிலும் உறுதியாக நின்றவை வேறு. குருதி வழிச் செல்லும் மருந்து இறந்த தசையைச் சென்றடையாது. ஆதலின் மேற்பூச்சாக, 1965 இல் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலும், 1968 இல் வெள்ளி சல்பாடயசீனும் வந்தன. 1970 இல் ஸ்லொவேனிய மருத்துவர் சோரா யான்செகோவிச், வெந்த தசையை முன்னரே அகற்றித் தோல் ஒட்டும் முறையை வெளியிட்டார். கிருமியின் விளைநிலத்தையே அகற்றுவது அம்முறையின் நோக்கம். 2017 இல் உலக சுகாதார நிறுவனம் புதுமருந்து மிக அவசரமாக வேண்டப்படும் கிருமிகளை வரிசைப்படுத்தியபோது, கார்பபெனெம் மருந்துக்கு அடங்காத சூடோமோனாசும் அசினெற்றோபாக்டரும் முதல் நிலையில் வைக்கப்பட்டன.

கிருமியை ஆராய்ந்த கோல்புறூக் இறுதியிற் சென்றடைந்த இடம் கருதத்தக்கது. புண்ணை ஆற்றுவதினும் தீயைத் தடுப்பதே மேலென உணர்ந்த அவர், வீட்டுக் கணப்புகளுக்குக் காப்பு வேண்டுமென இயக்கம் நடத்தினார். 1952 இல் பிரித்தானியாவில் அதற்குச் சட்டம் பிறந்தது. இலங்கையில் சத்திரசிகிச்சை மருத்துவர் விஜய கொடகும்புர, கவிழ்ந்து தீப்பற்றும் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கால் வெந்தோரைக் கண்டு வருந்தி, குட்டையாய்க் கனமாய், உருளாத பக்கங்களும் திருகு மூடியும் உடைய விளக்கொன்றை அமைத்தார். 1998 இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இருவரும் ஒரே உண்மையைச் சொல்கின்றனர்: எரியாத உடலுக்கு மருந்து வேண்டா, வழங்கப்படாத மருந்துக்குக் கிருமி பழகாது.

கிண்ணியாவிலிருந்து திருகோணமலை நகருக்குப் போவோர் நெடுங்காலம் நீர்த்துறையை மிதவைப் பாதையிற் கடந்தனர். 2009 இற் பாலம் திறக்கப்பட்டது. வெந்தவனுக்கு ஒவ்வொரு நாழிகையும் உயிர். மருத்துவமனைக்குச் செல்லும் வழி குறுகியது நன்று. அங்கு அவனுக்கென வைத்திருக்கும் மருந்து வலுவிழவாமற் காப்பது, தேவையின்றி அதனை உண்ணாத ஒவ்வொருவர் கையிலும் உள்ளது.