மருத்துவச் சான்றுத் தரவரிசை

நோயாளி தொடர்பாக மருத்துவருக்கு எழும் கேள்விக்கு, கிடைத்துள்ள ஆய்வுகளை நம்பகத்தன்மைப்படி தரம் பிரித்து விடை காணும் முறை. இன்று பெருவழக்காக உள்ள ‘கிரேடு’ முறை சான்றுகளை உயர்வு, நடுத்தரம், தாழ்வு, மிகத் தாழ்வு என நான்காக வகுக்கிறது. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு உயர்தரத்தில் தொடங்கும். குறை தென்பட்டால் இறங்கும். வெறும் அவதானிப்பு தாழ்தரத்தில் தொடங்கும். பலன் மிகப் பெரிதானால் ஏறும்.

தாழ்தரச் சான்றும் சரியான விடை தரலாம் என்பதற்குக் கோடைக்கானலே சாட்சி. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் அஞ்சி முதலில் சிறுமலைக்குப் போனார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் பழனி மலையில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரு வீடுகளைக் கட்டினார்கள், உடல் தேறியது. ஒப்பீட்டுக் குழு கிடையாது, காரணமும் தெரியாது. அக்காய்ச்சல்களில் ஒன்றான மலேரியாவின் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897இல் கண்டறிந்தார். குளிர்ந்த இடங்களில் அக்கிருமி கொசுவின் உடலில் முதிர்வதில்லை என்பது பிறகே விளங்கியது.

நல்ல காற்று உடலைத் தேற்றும் என்ற நம்பிக்கை காசநோய்க்கும் நீண்டது. அங்கே அது பலிக்கவில்லை. திறந்தவெளிச் சிகிச்சையில் பற்றுக்கொண்ட டாக்டர் சவுரிமுத்து 1928இல் தாம்பரத்தில் சானடோரியம் நிறுவினார். ஓய்வும் காற்றும் ஊட்ட உணவும் உண்மையில் தேவையா? 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் இதைச் சோதித்தது. 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர்: ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறுபாதி நெரிசல் மிகுந்த தங்கள் வீடுகளுக்கே. இரு தரப்புக்கும் ஓராண்டு ஐசோனியசிட், பாஸ் மருந்துகள். வீட்டில் இருந்தவர்களை ஊழியர்கள் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்து, மிஞ்சிய மருந்தை எண்ணினார்கள்; விழுங்கினார்களா என்று சிறுநீரையும் சோதித்தார்கள். ஆண்டு முடிவில் நோய் அடங்கியோர் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86. வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை. 1959இல் முடிவு வெளியானது. 1962இல் உருவான தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே கைக்கொண்டது.

இத்தகைய ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அமைந்தது. உலக சுகாதார நிறுவனமும் தன் பரிந்துரைகளுக்குக் கிரேடு முறையைப் பயன்படுத்துகிறது.